அம்மாவின் தோளில் பொம்மை, நெஞ்சில் பேஸ்மேக்கர்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 74 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே, இதயத்துடிப்பு தாமதமானால் தூண்டிவிடும் பேஸ்மேக்கர் கருவியை வைத்தார்கள். போன ஆண்டிலிருந்து மறதிநோய். கனடாவில் இருக்கும் தங்கை, பிறந்த குழந்தையைப் போலவே இருக்கும் ஒரு பொம்மையை அனுப்பியிருக்கிறார். அது வந்த நாளிலிருந்து அம்மா நள்ளிரவில் எழுந்து படலையைத் திறந்துகொண்டு போவதில்லை. பொம்மைக்கு நாவூறு படாமல் இருக்கக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறார், சேலையில் ஏணை கட்டி ஆட்டுகிறார், மற்ற நேரமெல்லாம் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். பொம்மையின் வாயில் சூப்பி ஒன்று தானாகவே ஒட்டிக்கொள்கிறது. பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளில், பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இதை வைத்திருக்கக் கூடாது என்று ஒரு வரி. வீட்டில் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறான். ‘பொம்மையை ஒளித்து வைத்துவிடட்டுமா?’ என்பது கேள்வி.

ஒளிக்க வேண்டாம், பிள்ளை. சூப்பியை ஒட்டவைக்கும் காந்தத்தைக் கழற்றிவிடுங்கள், பொம்மை இருக்கட்டும். அதைக் கழற்றும் வரைக்கும் பொம்மை தோளில் இல்லாமல் ஏணையில் தூங்கட்டும். அவசரமுள்ளவர்கள் இத்துடன் நிறுத்திவிட்டு அந்த வேலையைப் பார்க்கலாம். ஏன் என்று அறிய விரும்புபவர்களுக்காக மீதியை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதயக் கிளினிக்கில் ஈ.சி.ஜி. (இதயத்துடிப்பைத் தாளில் கோடாக வரைவது) எடுத்தும் பேஸ்மேக்கர் சோதித்தும் காலம் கழித்தவன் என்பதால், கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதலில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. பேஸ்மேக்கருக்கு மேல் காந்தம் வைப்பதை நாங்களே செய்வோம். கிளினிக்கில் வடையைப் போல நடுவில் ஓட்டையுள்ள ஒரு வளையக் காந்தம் இருக்கும். நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்து, ஈ.சி.ஜி. தாளை ஓடவிட்டு, அந்த வளையத்தைக் கருவி புடைத்திருக்கும் இடத்தின் மேல் வைப்போம். அதுவரை இதயம் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்த கோடு அடுத்த துடிப்பிலேயே மாறிவிடும். குத்தூசி குத்தியதுபோல நேர்க்கோடுகள், ஒன்றுக்கொன்று சமமான இடைவெளியில், வரிசையாக வந்து நிற்கும். காந்தத்தை எடுத்தால் அடுத்த கணமே பழையபடி. ‘என்ன தம்பி, நெஞ்சு ஒருமாதிரிப் படபடக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். பலருக்கு ஒன்றுமே தெரியாது.

இது ஏன் நடக்கிறது? பேஸ்மேக்கரின் இயல்பான வேலை காத்திருப்பது. இதயம் தானாகத் துடித்தால் சும்மா இருக்கும். துடிப்பு தாமதமானால் மட்டும் ஒரு சிறு மின்தூண்டல் கொடுக்கும். கருவிக்குள் காந்தத்தை உணரும் ஒரு ஆளி (சுவிட்ச்) இருக்கிறது. பழைய கருவிகளில் அது ஒரு நுண்ணிய கண்ணாடிக் குழாய். உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டும் தொடாமலும் நிற்கும். காந்தம் கிட்ட வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். புதிய கருவிகளில் அதே வேலையை ஒரு சில்லு செய்கிறது. ஆளி மூடியதும் கருவி இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே வேகத்தில் தூண்டத் தொடங்கும். அந்த வேகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மெட்ரோனிக் கருவி நிமிடத்துக்கு 85. பொஸ்டன் சயன்டிபிக் 100. பயோட்ரோனிக் வழக்கமான அமைப்பில் முதல் பத்துத் துடிப்புக்கு மட்டும் 90, பிறகு தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். மின்கலம் இறங்க இறங்க இந்த எண் குறையும். மெட்ரோனிக்கில் 85 போய் 65 வந்தால் கருவியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அதாவது வைத்தியர் மின்கலத்தின் ஆயுளைப் பார்ப்பதற்காகத் திட்டமிட்டே வைத்த கதவு இது. சத்திரசிகிச்சையின்போது மின்கத்தியால் கருவி குழம்பாமல் இருக்கவும் இதே கதவைத்தான் திறக்கிறோம். கதவைத் தட்டுவது வைத்தியரா பொம்மையா என்பது கருவிக்குத் தெரியாது.

ஆகவே, காந்தம் பட்டால் பேஸ்மேக்கர் நின்றுவிடும், ஆள் விழுந்துவிடுவார் என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். அது நிற்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. தன் துடிப்பு ஓரளவுக்கு உள்ள ஒருவருக்கு, இதயத்தின் சொந்தத் துடிப்பும் கருவியின் துடிப்பும் மோதிக்கொள்ளும். படபடப்பு, தலைச்சுற்று, களைப்பு வரலாம். தூண்டல் இதயம் ஓய்வெடுக்கும் அந்த நுண்ணிய நேரத்தில் போய் விழுந்தால் ஆபத்தான தாளக்கேடு தொடங்கவும் கூடும். அப்படி நடப்பது மிக அரிது. கிளினிக்கில் நான் காந்தம் வைத்த ஒருவருக்கும் அது நடந்ததில்லை. ஆனால் எங்கள் காந்தம் அரை நிமிடம், ஒரு நிமிடம், அதுவும் ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் வைத்தியரும் இருக்க வைப்பது. உங்கள் அம்மா பொம்மையைத் தோளில் போட்டபடி மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குவார். இரண்டும் ஒன்றல்ல.

இங்கே ஒரு கட்டாயமான இடைநிறுத்தம். உங்கள் அம்மாவிடம் இருப்பது பேஸ்மேக்கர்தானா என்று பாருங்கள். கருவி வைத்தபோது ஒரு சிறு அட்டை கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் கிளினிக் கொப்பியின் பின்னட்டைக்குள் செருகி இருக்கும். நெஞ்சில் வைக்கும் கருவிகளில் இன்னொரு வகை உண்டு: இதயம் தறிகெட்டு ஓடும்போது உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து உயிரைக் காப்பது. ஐ.சி.டி. என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தோலுக்குக் கீழே ஒரு புடைப்புத்தான், ஐ.சி.டி. சற்றுப் பெரிதாக இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் இரண்டையும் ‘பேஸ்மேக்கர்’ என்றே சொல்வார்கள். காந்தம் பட்டால் ஐ.சி.டி. வேகமாக அடிக்கத் தொடங்காது. அதற்குப் பதிலாக, அதிர்ச்சி கொடுக்கும் பகுதி அடங்கிவிடும். நோயாளிக்கு எதுவும் தெரியாது, வலியில்லை, படபடப்பில்லை. சில கருவிகள் ‘பீப்’ என்று ஒலி எழுப்பும், சில அதுவும் செய்யாது. அந்த நேரம் பார்த்து ஆபத்தான தாளக்கேடு வந்தால், காப்பாற்ற வைத்த கருவி வாயை மூடிக்கொண்டிருக்கும். பேஸ்மேக்கரில் காந்தம் தொந்தரவு, ஐ.சி.டி.யில் காந்தம் காவல்காரனைக் கட்டிப்போடுவது. அட்டையில் ஐ.சி.டி. என்று இருந்தால், காந்தமுள்ள பொம்மை அந்த அறைக்குள்ளேயே வேண்டாம்.

இனித் தூரத்துக்கு வருவோம். முழு விடயமும் இதில்தான் தங்கியிருக்கிறது.

இந்தக் கருவிகளின் ஆளி ஏறத்தாழ 10 கவுஸ் புலத்தில் விழித்துக்கொள்ளும். கவுஸ் என்பது காந்தப்புலத்தின் அளவு. நாம் நிற்கும் மண்ணில் பூமியின் சொந்தப் புலம் 0.4 கவுஸ் அளவில் இருக்கிறது. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டும் படக்காந்தம் தொடும் இடத்தில் 50, 100 கவுஸ் இருக்கும். ஆனால் பொம்மைக்குள் இருப்பது அந்தக் கறுப்புக் காந்தம் இல்லை. நியோடிமியம் என்ற உலோகத்தை இரும்போடும் போரனோடும் சேர்த்துச் செய்வது, 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரே காலத்தில் கண்டுபிடித்தது. வெள்ளி நாணயம்போல் பளபளக்கும். சட்டைப் பொத்தான் அளவில் இருந்துகொண்டு ஒரு கரண்டியைத் தூக்கிப் பிடிக்கும்.

10 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேற்பரப்பில் 4,000 கவுஸைத் தாண்டுகிறது. ஒரு சென்ரிமீற்றர் தள்ளினால் 350. இரண்டில் 70. மூன்றில் 23. நான்கு சென்ரிமீற்றரில்தான் 10க்கு வருகிறது. பொம்மையின் வாய்க்குள் ஒன்று, சூப்பியில் ஒன்று என்று இரண்டு சேர்ந்து நின்றால் அந்த எல்லை ஐந்து சென்ரிமீற்றருக்குப் போகும். அதற்கப்பால் விழுகின்ற வேகத்தைப் பாருங்கள்: 15 சென்ரிமீற்றரில் அந்த ஒற்றைக் காந்தத்தின் புலம் பூமியின் புலத்தைவிடக் குறைவு. தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்றாகிவிடுகிறது என்பதால் வருகிற விளைவு இது. நோயாளிகளிடம் ‘ஒரு சாண் தள்ளி வையுங்கள்’ என்று நாங்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் 70 நோயாளிகளிடம் சிறிய நியோடிமியக் காந்தங்களை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரிடமும் கருவி மாறியது, ஆனால் மூன்று சென்ரிமீற்றருக்கு உள்ளே வந்தபோது மட்டும். காந்தமுள்ள கைத்தொலைபேசிகள் வந்த பிறகு, 2021இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சொன்னதும் அதே ஆறு அங்குலம், அதாவது 15 சென்ரிமீற்றர்.

மூன்று, நான்கு சென்ரிமீற்றர்தானே, பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். மேசைமேல் இருக்கும் பொம்மை என்றால் நானும் அதையே சொல்வேன். அம்மாவின் மடியில் கிடந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு தாய் குழந்தையை எங்கே வைத்துக்கொள்கிறாள்? வலக்கைப் பழக்கமோ இடக்கைப் பழக்கமோ, பெரும்பாலான பெண்கள் குழந்தையை இடப்பக்கத்தில்தான் அணைக்கிறார்கள். உலகம் முழுக்கப் பார்த்துப் பதிந்து வைத்த விடயம் இது. பேஸ்மேக்கரும் பெரும்பாலும் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழேதான், தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் விரல் தடிப்பு ஆழத்தில் இருக்கிறது. குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டும்போது அதன் முகம் எங்கே வரும் என்று ஒரு தலையணையை எடுத்துத் தோளில் போட்டுப் பாருங்கள். வாய் நேராகக் கருவியின்மேல் வந்து உட்காரும். இடையில் இருப்பது சூப்பியின் பிளாஸ்டிக்கும் ஒரு பருத்திச் சட்டையும் மட்டுமே. இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர். காந்தத்தைச் செய்தவரும் கருவியைச் செய்தவரும் கூடிப் பேசி இடம் குறித்ததுபோல அவ்வளவு கச்சிதம்.

மாங்குளம் பக்கமிருந்து ஒரு பெரியவர் எங்களிடம் வருவார். ஓய்வுபெற்ற மனிதர், கணக்கில் சுத்தம். ‘சில நாள்களில் காலையில் மட்டும் நெஞ்சு ஓடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை’ என்றார். கருவியைச் சோதித்தால் எல்லாம் ஒழுங்கு. இரண்டாம் முறையும் ஒழுங்கு. மூன்றாம் முறை, சட்டையைக் கழற்றுவதற்கு முன் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து என் மேசையில் வைத்தார். அதற்கு மகன் வாங்கிக் கொடுத்த தோல் உறை, புத்தகம்போல் மூடும், மூடும்போது ‘டக்’ என்று காந்தம் பிடிக்கும். இடப்பக்கச் சட்டைப் பை. எந்தெந்த நாள்களில் நெஞ்சு ஓடியது என்று கேட்டேன். ஓய்வூதியம் எடுக்கப் போன நாள், கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போன நாள். வீட்டில் இருக்கும்போது சாரம் மட்டும், சட்டையே இல்லை. உறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார், படபடப்பும் அதோடு போயிற்று. தனக்கு என்ன நேர்கிறது, எப்போது நேர்கிறது என்று நாள் குறித்துச் சொல்லத் தெரிந்தவர் என்பதால் பிடிபட்டது. உங்கள் அம்மாவால் அப்படிச் சொல்ல முடியாது.

நான் சொல்ல வந்தது அதுதான். நல்ல நினைவுள்ள ஒருவருக்கு ‘ஒரு சாண் தள்ளி வையுங்கள்’ என்ற விதி போதும். மறதிநோய் உள்ளவருக்கு விதி எதுவும் போதாது. காலையில் சொன்னது பத்து நிமிடத்தில் போய்விடும். ‘வலப்பக்கத் தோளில் போடுங்கள் அம்மா’ என்று நீங்கள் நாளைக்கு இருபது தடவை சொல்வீர்கள். இருபத்தோராவது தடவை கத்துவீர்கள். அவருக்கு ஏன் கத்துகிறீர்கள் என்று புரியாது, குழந்தையைப் பறிக்க வருகிறார்கள் என்று மட்டும் படும். போரைக் கண்ட வன்னியில் ஒரு தாய்க்கு அந்தப் பயத்தை இன்னொரு முறை கொடுக்கலாமா என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆளைத் திருத்த முடியாத இடத்தில் பொருளைத் திருத்த வேண்டும்.

பொம்மையில் காந்தம் எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு குண்டூசியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பொம்மையைச் சுற்றி மெதுவாகக் கொண்டு போங்கள். அம்மா இல்லாத அறையில் செய்யுங்கள். காந்தமுள்ள இடத்தில் ஊசி சாய்ந்து ஓடிப்போய் ஒட்டும். உதட்டுக்குப் பின்னால் நிச்சயம் ஒன்று இருக்கும். கைத்தொலைபேசியில் காந்தப்புலம் அளக்கும் செயலி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். அது மைக்ரோடெஸ்லாவில் காட்டும், சும்மா வைத்தால் 40 அளவில் நிற்கும். நமக்கு வேண்டிய எல்லையான 10 கவுஸ் என்பது 1,000 மைக்ரோடெஸ்லா. ஆனால் தொலைபேசிக்குள் அளவி எந்த மூலையில் இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் சென்ரிமீற்றர்க் கணக்குக்கு அதை நம்ப வேண்டாம். காந்தம் உண்டா இல்லையா என்று அறிய அது போதும். குண்டூசியும் அதைச் சொல்லும், மின்கலம் இல்லாமல்.

கழற்றுவதற்குக் கடைக்குக் கொண்டு போகத் தேவையில்லை. இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலையும் கைகால்களும் வினைல், உடல் துணி. கழுத்தில், துணிக்குள் மறைந்தபடி, வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி ஒன்று இறுக்கியிருக்கும். அதை வெட்டினால் தலை தனியே வந்துவிடும். உள்ளே பஞ்சும், பாரத்துக்காகக் கண்ணாடி மணிகளோ மணலோ நிரப்பிய சிறு பைகளும் இருக்கும். உண்மைக் குழந்தையைப் போல் தலை தொங்குவதற்குக் காரணம் அந்தப் பாரம். பை கிழிந்தால் மணிகள் வீடு முழுக்க ஓடும், ஆகையால் ஒரு பெரிய தாம்பாளத்துக்குள் வைத்து வேலை செய்யுங்கள். பஞ்சை எடுத்துவிட்டு விரலை விட்டால் வாய்க்குப் பின்னால் பசையில் புதைந்த காந்தம் தட்டுப்படும். தலையைச் சற்று நேரம் சுடுநீரில் நனைத்த துணியால் சுற்றி வைத்தால் வினைல் இளகும். பிறகு கரண்டிக் காம்பால் நெம்பினால் வந்துவிடும். கத்தியால் வேண்டாம், உதடு கிழிந்துவிடும். புதிய பட்டி போட்டு இறுக்குங்கள். சூப்பியில் ஒட்டியுள்ள காந்தத்தையும் கழற்றிவிட்டு, சூப்பியை நாடாவில் கட்டிப் பொம்மையின் சட்டையில் தைத்துவிடுங்கள். நம் ஊர்க் குழந்தைகளின் சூப்பி கழுத்தில் தொங்குவதுதானே வழக்கம், அம்மாவுக்கு அது இன்னும் இயல்பாகவே தெரியும். பொம்மை முழுக்க சிலிக்கோன் என்றால் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் அந்த வகையில் பலவற்றுக்கு வாய் திறந்தே இருக்கும், காந்தம் இல்லாமலே சூப்பி நிற்கும். குண்டூசி சொல்லிவிடும்.

இந்த வேலையைப் பகலில் அம்மாவின் கண்முன் செய்யாதீர்கள். குழந்தையின் தலையைக் கழற்றுவதை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது. அம்மா தூங்கிய பின் செய்து, விடிவதற்குள் ஏணையில் போட்டுவிடுங்கள், கன்னத்துப் பொட்டு அழியாமல்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கேள்வியை வாசித்தபோது அம்மாவைவிட அந்த மூன்று வயது மகனை நினைத்தே எனக்கு அதிகம் பயம் வந்தது. பொம்மையிலிருந்து கழன்ற காந்தம் மிட்டாய்போல் பளபளக்கும். ஒன்றை விழுங்கினால் அனேகமாகத் தானே வெளியே போய்விடும். இரண்டை விழுங்கினால் நிலைமை வேறு. ஒன்று காலையிலும் ஒன்று மாலையிலும் போனால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று, குடற்சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நசுங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் நின்று, சுவர் அழுகி, ஓட்டை விழும். முதலில் காய்ச்சல்போலவும் வயிற்றுக் குத்துப்போலவும் சத்திபோலவும் இருப்பதால், வீட்டில் கசாயம் கொடுத்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். காந்தம் விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், வலி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ‘காந்தம்’ என்ற சொல்லைச் சொல்லுங்கள், நாணயம் விழுங்கியதாக எண்ணி அனுப்பிவிடக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சிறுவர் விளையாட்டுப் பொருள்களில் உதிரக்கூடிய காந்தத்தின் வலிமைக்கு மேலைநாடுகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தப் பொம்மைகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை, ஏனென்றால் அவை பெரியவர்கள் சேகரித்து வைக்கும் பொருளாக விற்கப்படுகின்றன. கழற்றிய காந்தங்களைக் குப்பையில் போடாமல் டேப்பால் நன்றாகச் சுற்றி, எட்டாத உயரத்தில் ஒரு தகர டப்பாவுக்குள் வையுங்கள். தகரத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

மூச்சு விடுவதுபோல் நெஞ்சு அசையும், இதயம் அடிப்பதுபோல் துடிக்கும் பொம்மைகளும் வருகின்றன. அவற்றுக்குள் மோட்டாரும் சின்ன ஒலிபெருக்கியும் இருக்கும், இரண்டிலும் காந்தம் உண்டு. தங்கை இன்னொன்று அனுப்பப் போகிறேன் என்றால் இந்த வகை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் எதையெல்லாம் தொடலாம் என்ற பட்டியலை இங்கே போடப் போவதில்லை. மிக்ஸி, தொலைக்காட்சி, மின்விசிறி எல்லாம் வழக்கம்போல். ஓடும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின்மேலும் கிணற்று மோட்டாரின்மேலும் நெஞ்சை வைத்துக் குனியாதீர்கள். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிற வேலையை வேறொருவர் செய்யட்டும். அவ்வளவுதான்.

ஆனால் வன்னியில் இருந்துகொண்டு காந்தத்தைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வி வராமல் போகாது. ‘போரில் பட்ட செல் துண்டு உடம்பில் இருக்கிறது, இந்தப் பொம்மையைத் தூக்கலாமா?’ தூக்கலாம். 2009இலோ அதற்கு முன்னரோ உடலுக்குள் போன துண்டைச் சுற்றி இத்தனை ஆண்டுகளில் தழும்புத் திசு வளர்ந்து இறுகியிருக்கும். பொத்தான் அளவுக் காந்தத்தால் அதை அசைக்க முடியாது. தோலுக்கு மிக அருகே உருக்குத் துண்டு இருந்தால் மெல்லிய இழுவை உணரப்படலாம், அவ்வளவே. உடலின் உட்புறத்தைக் காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் முற்றிலும் வேறு. சாதாரணமாக அது 1.5 டெஸ்லா, அதாவது 15,000 கவுஸ், அதுவும் ஆள் முழுதாக உள்ளே போகும் அளவுக்கு. அந்த அறைக்குள் போகுமுன் எங்கெங்கே துண்டு இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் அட்டையையும் காட்டுங்கள். சில கருவிகள் அந்த இயந்திரத்துக்கு ஏற்றவை, சில இல்லை.

பொம்மைக் காந்தத்தோடு உண்மையிலேயே பொருந்தாத இன்னொரு கூட்டம் உண்டு. மூளைநீரை வடிக்கத் தலையில் குழாய் வைத்தவர்களில் சிலருக்கு, வடியும் அளவை வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றக்கூடிய வால்வு காதுக்குப் பின்னால் இருக்கும். பேஸ்மேக்கரில் காந்தத்தை எடுத்தவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த வால்வுகளில் சில, எடுத்த பிறகும் மாறியது மாறியபடியே நிற்கும். குழந்தைப் பொம்மையின் தலையைத் தன் தலையோடு சேர்த்து அணைப்பவர் இவர் என்றால் கவனமாக இருக்க வேண்டும். காது கேட்பதற்காக உள்ளே கருவி பொருத்தியவர்களுக்கும் அதே எச்சரிக்கை.

காந்தத்தைக் கழற்றுவதற்கு முன் எப்போதாவது அம்மா பொம்மையோடு இருக்கும்போது தலை சுற்றுகிறது என்றாலோ முகம் வெளிறினாலோ, முதலில் பொம்மையை ஒரு கை நீளத்துக்கு அப்பால் நகர்த்துங்கள். காந்தத்தால் வந்தது என்றால் பெரும்பாலும் அந்தக் கணமே நீங்கத் தொடங்கும். நீங்காவிட்டால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் 1990 என்ற எண்ணை அழையுங்கள். அதன் அம்புலன்ஸ் இலவசம். இத்தனை வாரம் தோளில் போட்டிருந்தாரே, கருவி பழுதாகியிருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். இப்படிப்பட்ட சிறு காந்தம் கருவியைக் கெடுப்பதில்லை. இருந்தாலும் அடுத்த கிளினிக்கில் நடந்ததைச் சொல்லுங்கள், கொப்பியில் எழுதி வைப்பார்கள். சில கருவிகள் காந்தம் பட்ட நேரத்தைத் தம் நினைவில் பதிந்தும் வைத்திருக்கும்.

கடைசியாக, வாயில் இருந்த காந்தத்தைக் கழற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று தலையைப் பூட்டிவிடாதீர்கள். பெண்குழந்தைப் பொம்மை என்றால் உச்சந்தலையிலோ காதுக்கு மேலோ இன்னொன்று இருக்கக்கூடும், ரிபன் பூ ஒட்டுவதற்காக. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பட்டியை இறுக்குவதற்கு முன் குண்டூசியை எடுத்து, முடிக்குள்ளால் ஒரு முறை கொண்டு போய்ப் பாருங்கள்.